ஆமை விளக்கு

பிரிந்தபோது கார் அவனுக்கு,
றெயிலர் எனக்கு.
"இழுப்பது கணவர் வசம், இழுபடுவது மனைவி வசம்"
என்று சட்டத்தரணி எழுதினாள்.
எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

அவளுக்குத் தெரியாது,
ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்த கார் அது.
முழுதாய் ஏற்றினாலும் அறுபது கிலோமீற்றர்.
அதற்காகத்தான் கட்டிலுக்குக் கீழே பற்றரி வைத்து
இந்த றெயிலரைக் கட்டினோம்.
ஓட ஓடப் பின்னாலிருந்து ஊட்டும்.
வயர் இழுத்தவள் நான். வெல்டிங் அவன்.
இரண்டு இடத்தில் பிசகிவிட்டான், இன்னும் ஒழுகும்.

ஒருமுறை புல்மோட்டை வரை போனோம்.
யார் யாரை இழுக்கிறது என்று
அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது நான் உப்புவெளியில், ஒரு தென்னங்காணியில்.
சில்லுக்கு முன்னும் பின்னும் கல்.
கூரையில் நாலு சோலார் தகடு.
சீசனில் வெள்ளைக்காரருக்கு வாடகை,
வாடை பிறந்தால் எனக்கு.

அவன் கந்தளாயில் அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறான்.
ஞாயிறுகளில் வருவான்.
ஒரு ஸ்குறூட்ரைவர் தர. ஒரு கடிதம் தர.
போன ஞாயிறு, என்னுடையதே இல்லாத ஒரு குடை.
நாற்பத்தைந்து ஓடி வந்தால் மிச்சம் பதினைந்து.
திரும்பிப் போக என் கட்டிலடி மின்சாரம் வேண்டும்,
நாலு மணித்தியாலம்.
இந்த ஊரில் வேறு பிளக்கே இல்லையா?
நானும் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.

அவன் காருக்குள். நான் றெயிலருக்குள்.
நடுவில் செம்மஞ்சள் வயர்.
கட்டாக்காலி மானொன்று அதைக் கடந்து போகும்,
மணந்து பார்த்துவிட்டு.

கார்த்திகை. மூன்று நாள் மூட்டம்.
பற்றரியில் முப்பத்தொரு வீதம்.
என் விசிறி, என் லைட், காலைத் தேத்தண்ணி
எல்லாம் கழித்து
அவனுக்கு எவ்வளவு என்று பேனையால் போட்டேன்.
சரியாகக் கந்தளாய்க்கு.
ஒரு சந்தி கூட அதிகம் இல்லை.
"ஏசி போடாதே. நாற்பதில போ."
தலையாட்டினான். வயரைக் கழற்றியவள் நான்தான்.

ஒன்பதரைக்கு அழைப்பு.
"பாலம்போட்டாறு தாண்டி நிக்கிறன். ஆமை எரியுது."
சக்தி தீர்ந்தால் அந்தக் காரின் முகப்பில்
ஆமை வடிவில் ஒரு விளக்கு வரும்.
"ஏசி போட்டனியோ?"
"கண்ணாடி புகார் பிடிச்சுது. கொஞ்சம்."
தவளைச் சத்தம். மழை.
"யானை?"
"இன்னும் வரேல்ல."

அடுத்த காணி நிஸ்தாரை எழுப்பினேன்.
சாரத்துக்கு மேலே மழைக்கோட்டோடு
உழவு மெசினைக் கொண்டுவந்தான்.
"வீட்டையா இழுக்க?"
"பற்றரியை."
"அது வீட்டுக்குள்ளதானே?"

கல்லைக் காலால் தள்ளினேன்.
ஆறு மாதத்துக்குப் பிறகு சில்லு உருண்டது.
உள்ளே கோப்பைகள் ஒன்றையொன்று இடித்தன.
மட்காட்டில் நான், பின்னால் என் கட்டில், என் அடுப்பு,
காயாத என் உடுப்பு.
அநுராதபுரச் சந்தியில் பொலிஸ்காரன் டோர்ச் அடித்தான்.
"ஒரு காருக்குப் பசியாம்" என்றான் நிஸ்தார்.

வயல் நடுவே கார் நின்றது.
கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.
ஆமை இல்லை.
பதினேழு என்றது முகப்பு.
கந்தளாய்க்குக் காணாது. உப்புவெளிக்கும் காணாது.
"ஆறவிட்டா கொஞ்சம் ஏறும்" என்றான்,
நனைந்த தலையைத் தடவியபடி.
அது உண்மைதான், பற்றரிகளுக்கு.

செம்மஞ்சள் வயரைக் கொழுவினேன்.
கார் 'கிளிக்' என்றது.
நிஸ்தார் மெசினிலிருந்து றெயிலரைக் கழற்றி
கொக்கியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறான்.

"காரில மாட்டவா? எந்தப் பக்கம் முகம்?
சொல்லுங்க பிள்ள,
மெசின் சும்மா டீசல் குடிக்குது."