மூன்றாம் வாரம்: வெள்ளை

முதலாம் வாரம் சிவப்பு.
பதினாறு பிள்ளைகளும் தக்காளிப்பழம் அனுப்பினார்கள்.
அந்த வாரம் அக்கரைப்பற்றுக்குள் விடப்பட்ட ஒரே லொறி
தக்காளி லொறி.

இரண்டாம் வாரம் மஞ்சள்.
கோளாவில் யதுர்சன் ஒரு தாராக்குஞ்சைப்
போனின் கண்ணுக்குள்ளேயே திணித்துவிட்டான்.
குஞ்சு கத்தியது, அவன் அம்மா கத்தினார்,
பாடம் முடிந்தது.

சாகாம வீதியில் எங்கள் முன்பள்ளி பூட்டிக்கிடக்கிறது.
பதினாறு குட்டிக் கதிரைகள், ஒன்றின்மேல் ஒன்றாய்.
நான் குசினியில் அரிசி வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் போனைச் சாய்த்துவைத்து
இல்லாத வகுப்புக்குக் கைதட்டுகிறேன்.

ஒன்பது பேரின் வீட்டில் உம்மா.
ஆறு பேருக்கு அம்மா.
மின்சாரசபைக் குவார்ட்டர்ஸில் இருக்கும் சனுலிக்கும் அம்மாதான்,
அது சிங்கள அம்மா.
அச்சடித்த அட்டையில்
அ என்றால் அம்மா, உ என்றால் உரல்.
எந்த வீட்டிலும் உரல் இல்லை.
உரலை வெட்டி எடுத்துவிட்டு
உம்மாவை ஒட்டினேன்.

கைகழுவக் கற்றுக்கொடுத்த நாளில்
இருபதுவரை எண்ணச் சொன்னேன்.
மின்ஹா என்னைத் திருத்தினாள்:
"மூக்கையும் கழுவணும் டீச்சர், மூணு தரம்."
முழங்கைவரை கழுவிக் காட்டினாள்.
நான் சொல்லிக்கொடுத்தது மணிக்கட்டோடு நின்றிருந்தது.

மூன்றாம் வாரம் வெள்ளை.
வீட்டில் இருக்கும் வெள்ளையைக் காட்டுங்கள் என்றேன்.
இலேசான வாரம் என்று நினைத்தேன்.
முட்டை வந்தது. சீனி வந்தது.
ஸர்ஹான் தன் தம்பியின் நாக்கை இழுத்துப் பிடித்து
அதில் ஒட்டியிருந்த பால்மாவைக் காட்டினான்.
யதுர்சன் திருநீற்றுத் தட்டைக் கொட்டியே விட்டான்.
சனுலி போயாவுக்கு உடுக்கும் சட்டையை
முகத்தில் போர்த்திக்கொண்டு
"சுது, டீச்சர், சுது."

மின்ஹா வாசலுக்கு ஓடினாள். படம் குலுங்கியது.
செருப்பு, மணல், பூனையின் வால்,
கேற்றுக் கம்பியில் கட்டியிருந்த ஒரு முழத் துணி.
அவிழ்க்க வரவில்லை. பல்லால் இழுத்தாள்.
"இது சாச்சாட வெள்ளை.
சாச்சாக்கு உடுத்த விடல்லையாம்.
அதான் கேட்டுல கட்டின."

எல்லாரும் பார்த்துவிட்டதாக நீலக்குறிகள் சொல்லின.
ஒருவரும் எழுதவில்லை.
பிறகு அவளுடைய வாப்பா:
"மன்னிக்கணும் டீச்சர், புள்ள தெரியாம எடுத்திட்டா."
அதற்குப் பிறகு ஒரு தகப்பன் குழுவைவிட்டு விலகினார்.
யாரென்று சொல்லமாட்டேன்.
அவர் பிள்ளைக்கான பாடத்தை இன்றும்
தாயின் நம்பருக்கு அனுப்புகிறேன்.

நான் என்ன எழுத?
சாம்பல் எங்கள் வீட்டிலும் இருந்திருக்கிறது.
நாங்கள் கேட்டு வாங்கிய சாம்பல்,
கரைப்பதற்கு நாள் பார்த்த சாம்பல்.
கேட்காத வீட்டுக்கு அதைக் கொடுத்தனுப்பினால்
அங்கே எந்த இடத்தில் வைப்பார்கள்?
வழிகாட்டிக் கைநூலைப் புரட்டிப் பார்த்தேன்.
வெள்ளைக்கு எதிரே
மேகம், பால், முயல்
என்று போட்டிருக்கிறது.

இரவு எட்டுமணிக்கு ஒரு குரல்பதிவு.
சனுலி. பின்னால் கோப்பை கழுவும் சத்தம்.
"மின்ஹாட சுது லஸ்ஸனை."
அவளுக்கு அது ரிபன்.
தாய் வந்து அழித்துவிடுவார் என்று
போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
சோறு ஆறியது.
அழிக்கவில்லை.

மாத முடிவில் நிரப்பும் படிவத்தில்
நிறங்களுக்கு ஒரு கட்டம் உண்டு.
"வெள்ளை நிறத்தை இனங்காண்கிறார்."
பதினைந்து பேருக்குச் சரி போட்டேன்.
மின்ஹாவின் பெயரில் பேனை நின்றது.
பிறகு அவளுக்கும் போட்டேன்,
தாளின் மறுபக்கம் தடவினால் தெரியுமளவுக்கு
அழுத்தி.

நாலாம் வாரம் நீலம்.
கடலைக் காட்டலாம் என்றால்
கடற்கரைக்குப் போக
இன்னும் பாஸ் தருகிறார்கள் இல்லை.