பெப்ரவரியில் ஒரு ஜூன்

சமையலறை மேசைமேல் தீவை விரித்திருக்கிறேன்.
மூலைக்கொரு கனம்:
உப்புக் குடுவை, அவன் கைவிளக்கு,
பாதி தின்ற கருவாட்டுப் பொட்டலம்,
நேற்று வந்த மின்கட்டண உறை.
வெளியே காற்று
கதவைத் தட்டவில்லை, உதைக்கிறது.

முப்பது நாள்.
ஒன்றாம் எண் சாலை ஐஸ்லாந்தைச் சுற்றி ஓடித்
தன் வாலைத் தானே கவ்விக்கொள்கிறது.
அதிலிருந்து கிளை பிரியும் மண்பாதைகளும்
எனக்கு வேண்டும்.
தெற்கே கறுப்பு மணல்.
கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று
பனிப்பாறைகள் மிதந்துகொண்டிருக்கும் காயல்.
மேற்கே நிலம் விரல் விரலாய் நீள்கிற இடத்தில்
ஒவ்வொரு விரலின் நுனிவரை போய்த் திரும்பி
எதிர்க்கரையைப் பார்த்தபடியே
அரைநாள் கழியும் வழிகள்.

மீன் ஆலையில் விடுப்பு கேட்டேன்.
"ஒரு மாதமா? எந்த நாட்டுக்கு?"
"இந்த நாட்டுக்குத்தான்."
மேற்பார்வைக்காரி சிரித்தாள்,
சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டாள்.

இழுவைக் கூண்டு ஸ்வான்டிஸுடையது.
திரைச்சீலையை எலி தின்றிருக்கிறது,
அடுப்பில் இடது பக்கம் எரியாது.
வாடகை பணமாக வேண்டாமாம்:
செப்டம்பரில் அவள் ஆடுகளை மலையிலிருந்து இறக்க
என் கணவன் மூன்று நாள் நடக்க வேண்டும்.

தங்குமிடங்களை எழுதும்போது பேனா நின்றது.
ஜூனில் இங்கே இரவு ஏது?
முப்பது இரவுகள் என்றதை அடித்து
முப்பது தூக்கம் என்று திருத்தினேன்.

தோர்லாக்கூர்
விடிகாலை மூன்று மணிக்குப் பனிவாரி வண்டி எடுப்பவன்.
இது இருபத்தாறாவது குளிர்காலம்.
தன் சாலையைத் தடவித் தெரியும்,
போகாத சாலைகளை
மற்ற ஓட்டுநர்கள் வயர்லெஸ்ஸில் சொல்லித் தெரியும்.
காபி ஆறும் நேரத்தில் விரல் வைக்கிறான்:
"இந்த வளைவில் ஒரு லிதுவேனிய லாரி.
இந்தப் பாலத்தில் மணப்பெண்ணின் அத்தை.
இங்கே ஒருவன் வழி கேட்க இறங்கினான்,
கார்க் கதவு காற்றோடு போயிற்று."
அருவி என்று நான் நீலத்தில் குறித்த இடத்திலெல்லாம்
அவன் ஒரு விபத்து வைத்திருக்கிறான்.

சாலை என்றால் அவனுக்கு
இரண்டு மஞ்சள் கம்புகளுக்கு நடுவில்
இருந்தாக வேண்டிய ஒன்று.

நேற்று நண்பகலுக்குத்தான் வந்தான்.
கணவாயை மூடிவிட்டார்களாம்.
இமையில் ஈரம் உருக உருக
என் பென்சிலை எடுத்தான்.
முதல் நாளுக்கு எதிரே
இருநூற்று அறுபது கிலோமீட்டர் என்றிருந்ததை அடித்துப்
பதினெட்டு என்று எழுதினான்.

பதினெட்டாவது கிலோமீட்டரில் இருப்பது
ஃபாக்ரிதாலூர்.
அழகிய பள்ளத்தாக்கு என்று பொருள்.
அவன் வாரும் கணவாய்.

"அங்கேயா? கோடையெல்லாம்
பல் வைத்தியருக்கும் பெயின்ட் வாங்கவும்
போய்வருகிற இடந்தானே."

"போய்வருகிறோம்,"
என்றான்.
பிறகு, சாக்ஸைக் கழற்றிக்கொண்டே:
"பனிக்கு அடியில் அங்கே ஓர் ஓடை.
வண்டியை நிறுத்தினால் கேட்கும்.
எந்தப் பக்கம் ஓடுகிறதென்று
இன்னும் பிடிபடவில்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கணக்கை மறுபடி போட்டேன்.
ஓடைக்கு ஒரு நாள் போனால்
எங்காவது ஒரு நாள் குறையும்.
மேற்கின் விரல்களில் ஆகச் சிறியதை
அழிப்பானால் தேய்த்தேன்.
காகிதம் கொஞ்சம் கிழிந்தது.

அவன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான்,
வாய் திறந்து, ஒரு கால் சாக்ஸோடு.

மாலையில் வரைபடத்தைச் சுருட்டாமல்
அதன்மேலேயே தட்டு வைத்துச் சாப்பிட்டோம்.
கருவாட்டில் தடவிய வெண்ணெய் சிந்தி
நட்டநடு மேட்டில்,
சாலையே இல்லாத வெள்ளையில்
ஒரு மஞ்சள் புள்ளி.
"இது எந்த ஊர்?" என்றான்.
துடைக்கப் போன என் கையைப்
பிடித்துக்கொண்டு கேட்டான்.