நிலுவை

குற்றச்சாட்டுக் குறிப்பாணையில்
என் பெயருக்கு முன்னால் 'திரு' போட்டிருந்தார்கள்.
பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

திரு. மு. நம்புவேல், ஐஸ் பிளான்ட் ஆபரேட்டர், இரவு முறை,
மேலிட அனுமதியின்றி கம்ப்ரசரை நிறுத்தியதால்
நூற்று எழுபத்திரண்டு கட்டிகள் வீணாகி –

வீணாகவில்லை.
உறையவில்லை, அவ்வளவுதான்.
தண்ணீர் தண்ணீராகவே இருந்துவிட்டது.
அதற்கும் ஒரு விதி எண் உண்டென்று
அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் டோக்கன் நாள்.
மண்டபம் தென்கடல் பக்கம் விசைப்படகுகள்
டீசல் அடித்துவிட்டு ஐஸுக்குக் காத்துக் கிடந்தன.
இரண்டேகால் மணிக்கு வால்வு இருமியது.
முதலில் அது, அப்புறம் நான்,
அப்புறம் கட்டி தள்ளுகிற இபுராம்சா.
கண்ணுக்குள் யாரோ மிளகாய் அரைத்தார்கள்.
ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.
மேலாளர் தயாபரனுக்கு நாலு தடவை போன்.
நாலு தடவையும் ஒரு பெண்குரல்
சிறிது நேரம் கழித்து முயலச் சொன்னது.
சிறிது நேரம் என்பது
நுரையீரல் கணக்கில் எவ்வளவு?

விசாரணை அதிகாரி ராமநாதபுரத்திலிருந்து வந்தார்.
ஓய்வு பெற்றவர்.
பிஸ்கட்டை டீயில் முக்கி
உடைந்து விழாமல் வாய்க்குக் கொண்டுபோவதில் கெட்டிக்காரர்.
"வாடை அடிச்சதுக்கு சாட்சி இருக்கா?"
எங்கள் ஊரில் காற்றுக்கும் அதே பெயர்.
கார்த்திகையில் வந்து கேட்டிருந்தால்
வடகடலே சாட்சி சொல்லியிருக்கும்.
மூக்கு இருக்கிற யாரும் சாட்சிதான் சார் என்றேன்.
'பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

இபுராம்சாவைக் கூப்பிட்டார்கள்.
கைலி நழுவ, கக்கத்தில் கை கொடுத்து
வாசல்வரை நான் இழுத்துப் போட்ட ஆள்.
மணலில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்த ஆள்.
"தூங்கிட்டேன் சார், ஒண்ணும் தெரியல."
அவன் வள்ளத்து எஞ்சினுக்கு
முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறான்.
அது எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்று அவனுக்கும் தெரியும்.
வெளியே வந்து ஒரு பீடி நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.
பற்றவைக்கவில்லை.

"மன்னிப்பு எழுதிக் குடுத்தா விட்ருவாகளாம்ல?"
பூமயில் கேட்டாள், மீன் செதிலைச் சுரண்டியபடி.
கொஞ்ச நேரம் சுரண்டல் சத்தம் மட்டும்.
பிறகு அவளே சொன்னாள்:
"எழுதிராதீக."

மகளின் கணக்கு நோட்டில் நடுத்தாளைக் கிழித்து
வேலையை விடுகிறேன் என்று எழுதினேன்.
காரணத்துக்கு நாலு வரி இடம் விட்டிருந்தேன்.
அப்படியே காலியாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் பதிவுத் தபால்:
'தங்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ளதால்
தங்கள் ராஜினாமாவை ஏற்பதற்கில்லை.'

கழுத்தில் கை வைத்தவர்களே
கதவையும் பூட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.
நானாகப் போனால் போனதாகாதாம்.
சம்பளம் இல்லை, வேலை இல்லை,
வேலை இல்லாதவன் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை.
உச்சிப்புளியில் ஒரு இறால் கம்பெனியில் கேட்டேன்,
விடுவிப்புக் கடிதம் எங்கே என்றார்கள்.

ராத்திரி படுத்தால் கம்ப்ரசர் சத்தம் கேட்கிறது.
மூன்று தெரு தாண்டி, கச்சான் காற்றில் ஏறி.
வேறு யாரோ ஓட்டுகிறான்.
கை புதுசு. ஆனால் வால்வு பழசு,
ஒரு தாளத்துக்கு ஒருதரம் தொண்டையைச் செருமுகிறது.
மாற்றவில்லை.

இரண்டு மணிக்கு எழுந்து நடந்தேன்.
"உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவுண்ணே" என்றான் வாட்ச்மேன் கருமலை,
என் முகத்தைப் பார்க்காமல்.
விலகவும் உத்தரவில்லை, நுழையவும் இல்லை என்றேன்.
சிரிக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டான்.

உள்ளேயிருந்து புதுப்பையன் எட்டிப் பார்த்தான்.
பெயர் கேட்கவில்லை.
கேட்டின் கம்பி இடுக்கில் சாக்கைத் திணித்தேன்.
வரும்போதே குழாயில் நனைத்துக்கொண்டு வந்தது.
தண்ணீர் சொட்டி என் செருப்பில் பாதி,
அவன் செருப்பில் பாதி.

எதுக்குண்ணே என்றான்.

காய விடாதே என்றேன்.