இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

நாடா வந்தது ஒரு பிஸ்கட் டப்பாவில்.
மூடியில் பென்சில் எழுத்து:
கிட்வே, 1974. ஈரம் படாமல் வைக்கவும்.
பட்டிருந்தது.

லைப்சிக்கில் என் அறைக்கு ஜன்னல் கிடையாது.
ஐம்பத்து நான்கு டிகிரியில் எட்டு மணி நேரம்
ரொட்டி போல அடுப்பில் வைத்து எடுத்தேன்.
இல்லாவிட்டால் பசை இளகி
பாட்டு மொத்தமும் சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும்.
இனி ஒருமுறைதான் ஓடும் என்று நினைத்தே
எப்போதும் பொத்தானை அழுத்துவேன்.

ஐந்து பேர். குழுவின் பெயர் மூன்றாம் ஷிஃப்ட்.
இரவெல்லாம் செம்புச் சுரங்கத்துக்குள்,
பகலில் கிடாரும் கையுமாக.
எப்போது தூங்கினார்கள் என்று உறையில் போடவில்லை.
கரகரக்கும் அந்த கிடார்
வேண்டுமென்று கரகரக்கவில்லை,
ஒலிபெருக்கியின் தாள் கிழிந்திருக்கிறது.
அந்தக் கிழிசலுக்குத்தான் இன்று
பழைய அச்சு ஒன்றுக்கு நானூறு யூரோ.

என் வேலை களையெடுப்பு.
திரையில் எல்லாச் சத்தமும் நிறமாகிவிடும்.
தகரக் கூரைமேல் மழை, சாம்பல். எடுத்தேன்.
நாற்காலி கிறீச்சிட்டது, மஞ்சள் கீறல். எடுத்தேன்.
அடியில் விடாமல் ஓடிய மின்சார முனகலை
ஐம்பது ஹெர்ட்ஸில் நறுக்கினேன்.
கரீபா அணையில் விழுந்த தண்ணீர்
கம்பி வழியே அவ்வளவு தூரம் வந்து
ஆம்ப்ளிஃபயருக்குள் முனகியிருக்கிறது என்பது
நறுக்கிய பிறகுதான் உறைத்தது.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு,
தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால்
ஒரு இருமல்.
ஆரஞ்சு நிறம், காளான் வடிவம்.
எடுத்தேன்.
பனி மூடிய வயல் போல் ஆனது அந்த இடம்.

பேஸ் வாசித்த லுபிண்டா மட்டும் மிச்சம்.
கிட்வேயில் டயர் கடை வைத்திருக்கிறார்.
கோப்பை அனுப்பினேன். பதினோரு நாள் சத்தமில்லை.
பிறகு ஒரு குரல் செய்தி,
பின்னணியில் காற்றடிக்கும் இயந்திரம்:

ஹெட்விக், மழையை எடுத்ததற்கு நன்றி,
அன்று மூன்று மணி நேரம் எங்களைக் காக்கவைத்தது அது.
நாற்காலியும் போகட்டும்.
ஆனால் மூன்றாவது பாட்டில் ஐந்து பேரும்
எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறோம்?
கபாசா டிரம்ஸில் புலி,
ஒன்று இரண்டு மூன்று சொல்லச் சொன்னால் மட்டும்
நாலுக்குள் ரயிலைப் பிடிக்க ஓடுவான்.
அதனால் ஒருமுறை இருமுவான்.
அதுதான் எங்கள் கணக்கு.
ந்டோலாவில் ஒரு கல்யாணத்தில்
மாப்பிள்ளையின் மாமா இருமித் தொலைத்தார்,
பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போதே
நாங்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டோம்.

சிரித்தார். தொடர்ந்து சொன்னார்:
எழுபத்தொன்பது வரைதான் தாங்கினான்.
சுரங்க டாக்டர் காசநோய் என்று எழுதினார்.
தூசி என்று எழுதினால் கம்பெனி பணம் தர வேண்டும்.

அப்போது லுபிண்டாவுக்கும் இருமல் வந்தது.
என் விரல் தானாக
அழிக்கும் விசைக்குப் போய் நின்றது.
இருமலுக்குப் பின் சற்று இடைவெளி.
யாரும் உள்ளே வரவில்லை.
காற்றடிக்கும் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

காளானை எடுத்த இடத்திலேயே நட்டேன்.
கரீபாவையும் திருப்பி வைக்கட்டுமா என்று எழுதினேன்.
வேண்டாம், மின்வாரியம் பங்கு கேட்கும் என்றார்.

போன வாரம் அச்சு ஆலையிலிருந்து ஒரு படிவம்:
பி பக்கம், மூன்றாவது பாட்டுக்கு முன்
இசையல்லாத ஒலி. குறையா? விளக்கவும்.

விளக்கம் என்ற கட்டத்தில்
டிரம்ஸ் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.