லித்தியம் போன பின்

கஸ்டர் ஊருக்கு மேற்கே, தார் தீர்ந்து
சரளை தொடங்கும் இடத்தில்
வெர்னாவின் கேட். பூட்டு இல்லை, சுற்றிய கம்பிதான்.
ஆளுக்கு இருபது டாலர், நாய்க்கு இலவசம் என்று
பலகையில் எழுதியிருக்கிறாள்.
எனக்கு நாய் இல்லை.

இருபத்தாறு வருடம்
பனி தள்ளும் வண்டி ஓட்டியவள்.
குழியின் விளிம்பில் நின்று கை காட்டுகிறாள்:
அந்த வெள்ளைப் பட்டை வெங்கச்சங்கல், விடு.
இந்த மினுக்கம் காக்காப்பொன், விடு.
கரிச்சட்டியின் அடிபோல ஒன்று தெரிகிறதே
அசிங்கமாக,
அதை அடி.

முதல் அடி கல்லில் படவில்லை.
கை நடுங்குகிறதே, பயமா?
குளிர், என்றேன்.
ஜூன் மாதம். பைன் மரங்களில் பிசின் உருகிக்கொண்டிருந்தது.
ஒன்றும் சொல்லாமல்
தன் பெரிய சுத்தியலைத் தந்தாள்.
கனம் கூடினால்
நடுக்கம் இரும்புக்குள் போய்விடுகிறது.

மூன்றாம் அடியில் பிளந்தது.
உள்ளே
ஊதா.
கத்தரிப்பூ என்று சொல்லியிருப்பேன்,
ஆனால் பூவுக்கு இவ்வளவு பிடிவாதம் இல்லை.
ஓட்டுப் போட்ட விரலில் முதல் நாள் மை,
கார்பன் தாளை வெயிலில் சாய்த்துப் பிடித்த பளபளப்பு,
இரண்டும் சேர்ந்து, இன்னும் கொஞ்சம்.

பிறக்கும்போது இந்த நிறமில்லை, என்றாள் வெர்னா.
உருகிய பாறை கடைசியாக ஆறிய மூலையில்
வேறெங்கும் இடம் கிடைக்காத தனிமங்களோடு ஒதுங்கி,
பழுப்பாய், சாதுவாய்,
லித்தியம் சுமந்து கிடந்தது.
பிறகு தண்ணீர் இறங்கியது. அவசரமில்லாத தண்ணீர்.
லித்தியத்தை மட்டும் கழுவிக்கொண்டு போனது.
மாங்கனீசும் இரும்பும் துருவேறின.
அது போன பிறகுதான் இது.

அவளுக்குத் தெரியாது,
என் பையில் அதே தனிமம்
முந்நூறு மில்லிகிராம் குளிகைகளாக:
காலை ஒன்று, இரவு இரண்டு.
யாழரசி என்ற பெயரை
ராபிட் சிட்டி மருந்துக்கடை
மாதம் ஒரு விதமாகத் தப்பாக அச்சடிக்கிறது.
நடுக்கம் அதற்கு நான் கட்டும் வாடகை. தாகமும்.

ஒரு மார்ச்சில் நிறுத்திப் பார்த்தேன்.
பொய் சொல்ல மாட்டேன், அழகாக இருந்தது.
பதினொரு நாள் தூங்கவில்லை.
வீட்டு வாடகைப் பணத்தில் செலோ வாங்கினேன்,
வாசிக்கத் தெரியாது.
விடிகாலை மூன்று மணிக்குக் குளியலறைச் சுவருக்கு
கிட்டத்தட்ட இதே நிறம் அடித்தேன்.
தெரு விளக்குகள் எல்லாம்
என்னோடுதான் பேசின.
பன்னிரண்டாம் நாளைப் பற்றி
தங்கை துளசிமணியைத்தான் கேட்க வேண்டும்.
அவள் சொல்ல மாட்டாள்.

பிளந்த ஓரத்தை விரலால் தடவினேன்.
உதிர்ந்தது.
ரேகையெல்லாம் ஊதாப் பொடி.
நிறம் முழுசாக இருந்தது, கட்டுதான் இல்லை.

கராஜில் அமில வாளி வைத்திருக்கிறாள்.
பித்தளையைப் புளி போட்டு விளக்குவது போலத்தான்.
இரண்டு நாள் ஊறினால் கறுப்புத் தோல் கழன்று
டென்வர் சந்தையில் இருநூறு டாலர்.
வேண்டாம், என்றேன்.
கழுவாததை யாரும் வாங்க மாட்டார்களே.
விற்கப் போவதில்லை.
தோளைக் குலுக்கி
முட்டை அட்டையில் ஒரு குழிக்குள்
செய்தித்தாள் சுற்றி வைத்தாள்,
கறுப்புப் பக்கம் மேலாக.

நாலரை மணி.
என் பாட்டிலில் தண்ணீர் வெந்நீராகியிருந்தது.
நிறுத்தாமல் குடித்தேன். தீரவில்லை.
வெர்னா தன் பாட்டிலை நீட்டினாள்.
குடிக்கக் குடிக்க
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் பையனுக்கும் இதே தாகம், என்றாள்,
வினைச்சொல் இல்லாமல்.

இருந்ததா, இருக்கிறதா?
கேட்கவில்லை.
அவள் கேட்டைக் கட்டக்
கம்பியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.