ஒன்பது நாட்கள்

ஸ்காபரோ, மார்க்கம் வீதி, மூன்றாம் மாடி.
யன்னலுக்கு வெளியே பழைய பனி, உப்புக் கறையோடு.
திரையைப் பார்த்தபடி மருத்துவர் கேட்கிறார்:
முதல் கரு எப்போது கலைந்தது?
அதைத் தமிழில் சொல்வது என் வேலை.
மணிக்கு முப்பத்திரண்டு டொலர்.
சொந்தச் சொல் ஒன்றும் சேர்க்கக் கூடாது.

யோகமலர் கைப்பையின் வாரை
விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார்.
"இடம்பெயர்ந்த அண்டைக்கு, பிள்ளை.
நாவற்குழிப் பாலத்தில. நல்ல மழை.
முன்னுக்குப் போகவும் ஏலாது, திரும்பவும் ஏலாது.
அவ்வளவு சனத்துக்குள்ள
எனக்கு மட்டும் தான் தெரிஞ்சது."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்,
பாலத்தை, மழையை, சனத்தை, எல்லாவற்றையும்.
மருத்துவர் தட்டியது:
முப்பது, பத்து, தொண்ணூற்றைந்து.
பெட்டியில் அவ்வளவுக்குத்தான் இடம்.

இரண்டாவது?
"ஏ நைன் பாதை பூட்டின கிழமை.
ஆஸ்பத்திரியில மருந்து இல்லை எண்டவை."

உயிரோடு இருக்கும் பிள்ளைகள்?
"ஒராள். பொம்பிளைப் பிள்ளை.
மார்ச் ஒன்பது, ரெண்டாயிரத்து ஒண்டு,
வெள்ளிக்கிழமை, விடிய ஐஞ்சு இருபது."
முதல்முறையாக நிமிர்ந்து சொன்னார்.
அந்த வருசம் நாட்டில் என்ன நடந்தது என்று
அவருக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை.

நடைபாதையில் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே
கேட்டார்: "பிள்ளை, அண்டைக்கு மழை தானே?"
அன்றைக்கு நான் மொன்றியலில்
பனிச் சப்பாத்துக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன்.
"ஓம் அக்கா," என்றேன். "நல்ல மழை."

நூற்றிரண்டாம் பஸ்ஸில் கடைசி இருக்கை.
எனக்கும் ஒரு நாள் இருக்கிறது, கேட்டால் சொல்வேன்:
ஊர் முழுக்கக் கரண்ட் போன அன்று
வசீகரன் என்னை விட்டுப் போனான்.
இரண்டாயிரத்து மூன்று, ஓகஸ்ட், வியாழன், பின்னேரம் நாலு பத்து.
தெருவிளக்கு இல்லை, சிக்னல் இல்லை,
பதினொரு மாடி இருட்டுப் படி,
இரண்டு பெட்டி, வாயில் கவ்விய டோர்ச்.
கேட்கிறவர்கள் தங்கள் கதையைத் தொடங்குவார்கள்,
யார் எந்தச் சுரங்க ரயிலில் மாட்டினார்கள் என்று.
என் கதை அதற்குள் வசதியாக முடிந்துவிடும்.

போன மாசி வரிக் கடதாசி தேடினபோது
கிடைத்தது அந்தத் தாள்:
வீடு மாற லிஃப்ட் பதிவு செய்த படிவம்.
ஓகஸ்ட் இருபத்து மூன்று, சனிக்கிழமை,
காலை பத்திலிருந்து பன்னிரண்டு.
கீழே அவன் கையெழுத்து, வால் நீண்ட 'ன்'.
முற்பணம் ஐம்பது டொலர், திருப்பிக் கொடுக்கப்பட்டது.

லிஃப்ட் வேலை செய்தது.
நல்ல வெயிலாகக் கூட இருந்திருக்கும்.

அப்படியானால் இருட்டில் அந்தப் படிகளில்
டோர்ச்சோடு போனது யார்?
பஸ் எல்ஸ்மியரில் திரும்பும்போதுதான் பிடிபட்டது:
போகவில்லை, ஏறினோம்.
மூலைக் கடையில் உருகப் போகிறதென்று
சும்மா கொடுத்த மாம்பழ ஐஸ்கிரீமோடு
இரண்டு பேரும், மாடிக்கு மாடி மூச்சு வாங்கி.
பல்கனியில் ஒரே கரண்டி.
ஸ்காபரோவின் மேல் அத்தனை வெள்ளி இருந்ததை
அன்றைக்குத்தான் பார்த்தோம்.
அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து
பிறகு, கரண்டியை என்னிடம் தந்தான்.

தாளைப் பழையபடி மடித்து வைத்திருக்கிறேன்.
நாளைக்கு யாரும் கேட்டால்
கரண்ட் போன அன்று என்றுதான் வாய் சொல்லும்.