ஐந்து நிமிடம் பேசாமல்

சாத்தையாவுக்கு பிரஷர் நூற்றி எழுபது என்று
புதுவயலில் சொன்ன அன்றைக்கே
வீட்டை விட்டு வெளியேறியது ஊறுகாய் ஜாடி.
பின்னாலேயே மோர்மிளகாய்.
உப்புக்கண்டத்தைத் தூக்கிப்போட மட்டும் மனம் வராமல்
பரணில் கட்டித் தொங்கவிட்டேன்.
மூன்றாம் நாள் பார்த்தால் கயிறுதான் இருந்தது.
'பூனையா இருக்கும்' என்றார்
ஏப்பத்தை மென்று விழுங்கி.

விசேஷ வீட்டுச் சமையல்காரர் அவர்.
கானாடுகாத்தானில் அறுநூறு இலை,
பள்ளத்தூரில் ஆயிரம்.
கொதிக்கிற அண்டாவில் இருந்து ஒரு சொட்டு
உள்ளங்கையில் விட்டு நக்கி
'இன்னும் ஒரு கை போடு' என்பார்.
முப்பது வருஷத்து ஒரு கைகள்
எங்கே போகும்?

நர்சு ரெஜினா சொல்லிவிட்டுப் போனாள்:
ஆளுக்கு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதுவும் தலைதட்டி.
காலையில் நாலு பேருக்கு நாலு ஸ்பூன் அளந்து
கிண்ணத்தில் வைப்பேன்.
ராத்திரி அதில் மிச்சம் இருக்க வேண்டும்.
'சிப்ஸ் பாக்கெட்டில் இருக்கிற உப்பு
இந்தக் கிண்ணத்துக் கணக்கா, தனிக் கணக்கா?'
என்று கேட்டான் சின்னவன்.
அன்றைக்கு அவன் பாக்கெட் வாங்கவில்லை.
மறுநாள் வாங்கினான்.

முதல் வாரம் ரசம்
யாரோ செத்த வீட்டு ரசம் போல இருந்தது.
மூன்றாம் வாரம் எலுமிச்சம்பழம் பிழிந்தேன்,
மிளகைக் கொஞ்சம் தூக்கலாகத் தட்டினேன்.
நாக்கு மெல்ல மெல்ல வழிக்கு வந்தது.
அதற்குள்
'குறைஞ்சிருச்சே, மாத்திரை எதுக்கு?' என்று ஆரம்பித்தார்.
குறைந்ததே மாத்திரையால்தான் என்று
காபி டம்ளருக்கு அடியில் அதை வைத்துக் கொடுத்தேன்.

விடிகாலையில் ஊருணியைச் சுற்றி நடக்கச் சொன்னார்கள்.
நடந்தார்.
நான் படித்துறையில் நின்று சுற்றுகளை எண்ணினேன்,
இடுப்பில் குடத்தோடு.
கௌசியின் பழைய கணக்கு நோட்டில்
தேதி, மேல் எண், கீழ் எண்.
ஒரு நாள் விடவில்லை.

ஆடி பிறந்து எட்டாம் நாள்
ரெஜினாவின் ஸ்கூட்டி வாசலில் நின்றது.
அவருக்குப் பார்த்தாள். நூற்றி முப்பத்தி நாலு.
எனக்குத்தான் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.
பட்டையைச் சுருட்டப் போனவள்
சுருட்டாமல் என்னைப் பார்த்தாள்.
'உங்களுக்கு எப்பப் பார்த்தது?'

கௌசி பிறந்தப்போ.
கௌசி இப்போது பிளஸ் டூ.

'உக்காருங்க. முதுகைச் சாய்ச்சு, ரெண்டு காலும் தரையில.
அஞ்சு நிமிஷம் பேசக் கூடாது, எந்திரிக்கக் கூடாது.'

அஞ்சு நிமிஷம்.
அந்த நாற்காலி இவ்வளவு சாய்வு என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
கொடியில் துணி காய்ந்துவிட்டது.
தண்ணீர் வருகிற நேரம்.
உத்தரத்தில் ஒட்டடை, அடிக்க வேண்டும்.
பின்மண்டை வலி, வெயிலில் வருகிறது என்று நினைத்திருந்தேன்,
வெயில் இல்லாத அன்றைக்கும்
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பட்டை இறுகியது.
யாராவது என் கையை இப்படிப் பிடித்து
எத்தனை நாளாயிற்று என்று
நினைக்கக் கூடாததை நினைத்தேன்.
அதுவும் எண்ணில் ஏறியிருக்குமோ?

'இன்னொரு தடவை பார்ப்போம்' என்றாள் ரெஜினா.
பார்த்தாள்.
எண்ணை என்னிடம் சொல்லவில்லை, நோட்டைக் கேட்டாள்.
கௌசி ஸ்கேல் வைத்து நடுவில் ஒரு கோடு போட்டாள்.
'பேரு?'
'பஞ்சவர்ணம்' என்றார் அவர், எனக்கு முந்தி.
நூற்றி அறுபத்தெட்டு.
'ஒரு நாள் எண்ணை வச்சு முடிவு பண்ண முடியாது.
நாளைக்கும் வாரேன். அப்புறம் டாக்டர்கிட்ட போகலாம்.'

அடுப்பில் குக்கர் இரண்டாவது விசில்.
எழுந்தேன்.
'உக்காருங்கக்கா, மூணாவதா ஒரு தடவை பாக்கணும்.'
வீட்டில் யாரும் அசையவில்லை.
மூன்றாவது விசில்.

ஆயிரம் இலைக்குச் சமைத்தவர் எழுந்து உள்ளே போனார்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு அங்கிருந்து ஒரு குரல்:
'அந்த உப்புக் கிண்ணம் எங்க இருக்கு?'

நான் பேசக் கூடாது.